அரைப் பாட்டில் தேன்

"எலே டிப்போ! பின்னயும் குடிச்சுப்போட்டியாலே?"

ரெத்தினதாஸ் போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காக்கைகள் எல்லாம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. டிப்போ மட்டும் அசையவில்லை. மூக்கு நுனியில் இருந்த கடைசிச் சொட்டையும் நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்தது.

விஷயம் இதுதான். புறவாசல் தோட்டத்தில் ஒரு தேன்பெட்டி, ஒற்றை இரும்புக் காலில் நிற்கிறது. அந்தக் காலைச் சுற்றி ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும்வரை எறும்பு மேலே ஏறாது. எறும்பு ஏறினால் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். பெட்டியை விற்ற ஆரியங்கோட்டுச் சதாசிவன் இதைத் தலையில் அடித்து அடித்துச் சொல்லியிருந்தான். அந்தத் தண்ணீரை நாய் குடிக்கும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

"கட்டிப் போட்ட நாயாக்கும் இது! சங்கிலி அறுபடல்ல. கழுத்துல மாட்டுத கொளுத்து மட்டும் கழண்டு கெடக்கு. எட்டீ கிருபா, இந்த நாய் கொளுத்தக் கழத்தப் படிச்சிருக்கு!"

அடுக்களை ஜன்னலில் கிருபாபாயின் முகம் தெரிந்தது.

"அதத் திட்டாதேங்க. வாயில்லா ஜீவன்."

"வாயில்லாமலா ஒரு கிண்ணம் தண்ணியக் குடிச்சு?"

கிருபாபாய் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ரெத்தினதாஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெய்யாற்றின்கரையில் கடைசி நாள் வேலை முடித்து மாலையும் சால்வையுமாக இறங்கியபோது, டிப்போ வாசலில் இருந்து ஒரு குட்டி அவர் பின்னாலேயே வந்துவிட்டது. அதனால் அதற்கு டிப்போ என்று பெயர். வீட்டில் ஏற்கெனவே இருந்த கிழநாய் எந்த நேரமும் தூங்கும், சோறு வரும் இடத்தில் மட்டும் எழுந்து இறங்கும். அது பாசஞ்சர். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே ஏறி, விறகு அடுக்கில் இரண்டு குட்டியும் போட்ட பூனைக்கு வித்தவுட் என்றுதானே பெயர் வைக்க முடியும்?

ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருந்தால் பரவாயில்லை. ரெத்தினதாஸுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிருபாபாயும் பக்கத்து வீட்டு ஆனந்தபாயும் சேர்ந்து அச்சப்பம், அதாவது அச்சுமுறுக்கு, பொரித்துப் பாறசாலை பேக்கரிகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்து வந்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் அந்த அடுக்களையில் தம்மைத் தாமே பணியில் அமர்த்திக்கொண்டார். "மாவு முன்னால கேறி நிக்கட்டு! எண்ணெய்க்குப் பக்கத்துல ஆள் கூடாது! ஒரு அச்சப்பத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்தா திருவனந்தபுரம் வண்டி போயிருமே!" என்று வாசற்படியில் நின்று சத்தம் போடுவார். கிருபாபாய் அவசரத்தில் அச்சை உதற, பூப்போல வரவேண்டிய அச்சப்பம் புளியங்கொட்டைபோல வந்தது. ஒரு முறை அவர் பழக்கத்தில் விசிலே ஊதிவிட்டார். ஆனந்தபாய் அச்சை எண்ணெய்க்குள் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கிருபாபாயே, "தோட்டத்துல எதாவது செய்யுங்களேன்" என்று சொன்னாள். காளான் வளர்த்தார். காடை வளர்த்தார். மண்புழுகூட வளர்த்தார். காளான் அழுகியது, காடைகளை வித்தவுட் கணக்குத் தீர்த்தது, மண்புழுக்கள் மழைக்குச் சொந்த ஊர் போயின. ஆனால் தேன்பெட்டி வந்ததும் மனிதருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. ரப்பர் தளிர் விட்டு, தளிர்க்காம்பில் தேன் சுரக்கும் காலம். தேனீக்கள் தோட்டத்துக்கும் பெட்டிக்குமாக ஸ்பெஷல் வண்டி விட்டன. ரெத்தினதாஸ் ஹெல்மெட்டின் மேல் கொசுவலையைப் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இந்த முறை விளையாட்டு இல்லை. மானப் பிரச்சினை.

போன வருடம் ஊர்த் தேவாலயச் சபையில் அறுப்பின் பண்டிகை. ஊரெல்லாம் தோட்டத்து முதற்பலனைக் கொண்டுவந்து வைக்கும், அதை ஏலம் விடுவார்கள். ரெத்தினதாஸ் நல்ல நேந்திரங்குலை ஒன்றைத் தோளில் சுமந்து கொண்டுபோய் வைத்தார். ஏலம் விட்டவர் சபைச் செக்ரட்டரி நேசமணி. குலையைத் திருப்பிப் பார்த்தார். தண்டில் சந்தைக்காரன் கரியால் எழுதிய நம்பர் பளிச்சென்று இருந்தது.

"அன்பானவர்களே," என்று நேசமணி மைக்கில் சொன்னார், "நம்ம ரெத்தினதாஸுக்க தோட்டத்துல வாழை நம்பரோட குலைக்குதாக்கும்!"

சபை சிரித்த சிரிப்பு அடுத்த ஊர் வரை கேட்டது. அன்றைக்கே ரெத்தினதாஸ் எழுந்து நின்று, அடுத்த வருடம் தம் கையால் உண்டாக்கிய பொருளைத்தான் வைப்பேன், இல்லையென்றால் ஏலத்துக்கு வரவே மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த அடுத்த வருடம் இப்போது வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே கிண்ணத்தில் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆட்டோ ஓட்டும் தீபுவிடம் சொல்லி எஞ்சினில் இருந்து வடித்த கரி ஆயில் ஒரு டப்பா வாங்கி ஊற்றினார். டிப்போ வந்து மோந்து பார்த்துவிட்டு, இது என்ன வீடு என்பதுபோலத் தும்மிவிட்டுப் போனது.

"ஜெயிச்சாச்சு!" என்று ரெத்தினதாஸ் கைகொட்டினார். நாயைக் கட்டிப் போட்டார். இரண்டு நாள் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாம் நாள் செய்ய வேறு வேலை இல்லாததால் நேராக அடுக்களைக்கு வந்தார்.

"எள்ளு கூடிப்போச்சு கிருபா. அச்ச இப்பிடிப் பிடிக்கப்பிடாது, மணிக்கட்ட ஒடிச்சுப் பிடிக்கணும். இஞ்ச தா, நான் காட்டித் தாறேன்."

"நீங்க போய்ப் பெட்டியப் பாருங்க. தேனீ தனியா நிக்கும்."

"அதுக்கு என்னத்துக்கு நான்? அங்கெ ஒரு பிரச்சினையும் இல்ல. இனி நான் இஞ்சதான் இருப்பேன்."

ஆனந்தபாய் விறகு எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தாள். அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து அச்சைக் கையில் வாங்கினார். மாவில் தொட்டு எண்ணெயில் வைத்ததுதான் தாமதம், புறவாசலில் பெரும் அமளி.

ஓடிப்போய்ப் பார்த்தால், டிப்போ வித்தவுட்டைத் துரத்திக்கொண்டிருந்தது. வித்தவுட் உயிர் தப்பத் தேன்பெட்டிக் காலில் பாய்ந்து, பிடி கிடைக்காமல் கரி ஆயில் கிண்ணத்துக்குள் நாலு காலோடும் இறங்கி, அங்கிருந்து எம்பி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி சட்டையில் ஏறியது. பண்டிகைக்கென்று கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டி. கரையில் இருந்து கரை வரைக்கும் கறுப்புப் பாதங்கள். சட்டையின் கழுத்துப்பட்டையில் மட்டும் ஒரு பாதம் விட்டுப்போயிருந்தது. அதையும், அதே கிண்ணத்தில் இறங்கிப் பின்னால் வந்த பூனைக்குட்டி வைத்து முடித்தது.

"கொளுத்து பின்னயும் கழண்டு கெடக்கு!" ரெத்தினதாஸ் சங்கிலியை உயர்த்திக் காட்டினார். கோபத்தோடு ஒரு பெருமையும் அந்தக் குரலில் இருந்தது. "மூக்கால வாசல் கேட்டத் தெறக்கும், நான் பாத்ததாக்கும். இப்ப கொளுத்து. அடுத்தது என்ன, ஆதார் எடுக்கப் போவுமா?"

"வேட்டிய நான் வெளுத்துத் தாறேன். நாய ஒண்ணும் செய்யாதேங்க," என்றாள் கிருபாபாய்.

வேட்டி போனால் போகட்டும், தேன் முக்கியம். தரையில் கால் இருந்தால்தானே எறும்பும் நாயும்? ரெத்தினதாஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி ஒரு யோசனை இதுவரை ஆரியங்கோட்டுச் சதாசிவனுக்குக்கூட வரவில்லையே! பெட்டியை நாலு கயிற்றில் கட்டிப் பலாமரக் கொம்பில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். தொங்கும் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவருக்கே தம்மேல் மதிப்பு கூடியது.

அன்றைக்கென்று நேசமணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பண்டிகைக்கு யார் யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கேட்டுப் போக வந்தவர்.

"நீரு இந்த வருசமும் நம்பர் போட்ட குலையா வே?"

"தேனு வே! சொந்தத் தேனு! பெட்டியப் பாத்தீரா?"

"பெட்டி ஆடுது. தேன் எங்க?"

"உள்ள. முதல்ல வாரும், அச்சப்பம் தின்னலாம். எப்பிடிப் பொரிக்கணும்னு இவளுக்கு நான் படிப்பிச்சுக் குடுத்திட்டிருக்கேன்."

இரண்டு ஆண்களும் அடுக்களைக்குள் ஏறினார்கள். ஒருவர் எண்ணெய் அதிகம் என்றார், மற்றவர் தீ குறைவு என்றார். தம் அம்மை முட்டை சேர்க்கும் விதத்தை நேசமணி விவரிக்கத் தொடங்கினார். ரெத்தினதாஸ் அதை மறுத்தார். ஆனந்தபாய் முகத்து வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு வெளியே போனாள். கிருபாபாய் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து நின்றாள்.

முட்டை விவகாரம் முடியவில்லை. அதற்குள் வெளியே குரைப்பு, சீறல், ஒரு பெரிய "டமார்".

மறுபடியும் டிப்போ, மறுபடியும் வித்தவுட். பூனை மரத்தில் ஏறிக் கொம்பில் நடந்து பெட்டியின் மேல் குதித்துவிட்டது. பெட்டி ஊஞ்சலாகி மரத்தில் போய் இடித்தது. மூடி ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். பெட்டியில் இருந்து தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பி வானத்தில் ஒரு கறுப்புத் துணியாக விரிந்தன.

"கிருபா! தட்டம் எடு! தட்டம்!"

ரெத்தினதாஸ் சாப்பாட்டுத் தட்டத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். சத்தம் கேட்டால் கூட்டம் தாழ்ந்து உட்காரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மண்ணை வாரி எறிந்தார். அது அவர் தலையிலேயே விழுந்தது. காதில் ஒன்று, மூக்கில் ஒன்று, சொல்ல முடியாத இடத்தில் ஒன்று கொட்டு வாங்கினார். ஆனாலும் நிற்கவில்லை. ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சுற்று, ரோட்டில் ஒரு சுற்று. கடைசியில் கூட்டம் திரும்பி வந்து, இந்த உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல நேசமணியின் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் தாடியாகத் தொங்கியது.

"எனக்க வண்டி!" என்றார் நேசமணி ஜன்னலுக்கு உள்ளே இருந்து.

"தொடாதேயும் வே! எனக்க மானம் அதுல தொங்குது!"

போன் போனதும் சதாசிவன் ஆரியங்கோட்டில் இருந்து புறப்பட்டான். வந்து சேர வெயில் தாழ்ந்துவிட்டது. அதுவரைக்கும் நேசமணி அடுக்களையிலேயே இருந்து, ஒரு கல்யாண வீட்டுக்குப் பொரித்து வைத்த அச்சப்பத்தில் பாதியைத் தின்று தீர்த்தார். அவர் சொன்ன அபிப்பிராயங்கள் தனி.

"பேடிக்கண்டா சாரே, பயம் வேண்டா," என்று சதாசிவன் வெறுங்கையைக் கூட்டத்துக்குள் விட்டான். "ராணி கிடைச்சா மதி, அது போதும். பாக்கி எல்லாம் பின்னால வரும்." சொன்னபடியே ராணியைப் பெட்டிக்குள் வைத்தான். மற்றவை கடைசி பஸ்ஸுக்கு ஏறும் கூட்டம்போல இடித்துப் பிடித்து உள்ளே போயின. ரெத்தினதாஸ் வீங்கிய மூக்கோடு அழுதேவிட்டார். சந்தோஷத்தில்தான்.

"சாரே, இனி பெட்டிய ஆட்டண்டா. நாயக் கட்டு," என்றான் சதாசிவன்.

நாயைக் கட்டுவதா? ரெத்தினதாஸ் கொளுத்தைப் போட்டு, அதன் மேல் கம்பியைச் சுற்றி முறுக்கினார். பெட்டியைப் பழையபடி இரும்புக் காலில் நிறுத்தி, சுற்றிலும் கம்பிவலை அடித்து, அதற்கு ஒரு கதவும் வைத்தார். இந்த வேலையெல்லாம் நடந்த நாட்களில் டிப்போ பெட்டிப் பாம்பாய் மரத்தடியில் கிடந்தது. அடுக்களையில் அச்சப்பம் பூப்பூவாக விழுந்தது. வீடே தேவாலயம்போல அமைதியாக இருந்தது.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை தேன் எடுத்தார். பெட்டிக்குள் தேன்கூடு கட்டிய ஒவ்வொரு சட்டமும் கனத்தது. பொன் நிறத்தில் தேன் வடிந்து பாத்திரம் நிறைந்தபோது, ரெத்தினதாஸ் அதன் முன்னால் கைகூப்பி நின்றார். தம் கையால் உண்டாக்கியது. நம்பர் இல்லாதது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். "எட்டீ, ரப்பருக்க இலையில இவ்வளவு இனிப்பு இருந்துச்சா!"

வடிகட்ட ஒரு துணி வேண்டும். பாத்திரத்தை வலைக்குள்ளேயே மூடி வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தார். துணியைக் கேட்டவர் துணியோடு போயிருக்கலாம். போகவில்லை. தேன் எடுத்த கை அல்லவா? நம்பிக்கை பொங்கி வழிந்தது.

"கிருபா, அச்சப்பத்துக்குச் சீனிய விட்டுட்டு தேன் சேத்தா என்ன? மாவ இஞ்ச தள்ளு. நான் கலக்குதேன்."

"ஐயோ, அது ஞாயித்துக்கிழமைக்கு எண்ணி வச்ச மாவாக்கும்!"

"தள்ளுட்டீ!"

அவர் கை மாவுக்குள் இறங்கி முழங்கை வரை போனது. சீனி டப்பா உருண்டது. முட்டை ஓடும் உள்ளே விழுந்தது. ரெத்தினதாஸ் உற்சாகமாகத் துழாவினார். ஆனந்தபாய் சாம்பல் கொட்டி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். அப்போது புறவாசலில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மாவுக் கையோடு ஓடினார். வலைக்கதவு திறந்து கிடந்தது. டிப்போ பாத்திரத்துக்குள் தலையை விட்டிருந்தது. வித்தவுட்டும் குட்டிகளும் ஒரு ஓரத்தில் நக்கின. எந்தக் கலவரத்துக்கும் எழுந்திராத பாசஞ்சர்கூட இதற்கு எழுந்து வந்து வரிசையில் நின்றது.

"கம்பி முறுக்கப் பிரிச்சு வச்சிருக்கு பாரு! மனுசன்கூட இவ்வளவு நேர்த்தியாப் பிரிக்க மாட்டான்!" ரெத்தினதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். தலையெல்லாம் மாவு. "கிருபா, நான் தீந்தேன். நாளைக்கு நேசமணிக்க முன்னால நான் எப்பிடி நிப்பேன்?"

சாய்ந்த பாத்திரத்தின் மூலையில் மிஞ்சியதை வழித்து எடுத்தார்கள். அரைப் பாட்டில் வந்தது. கிருபாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே துணியைப் பிழிந்தாள். அவள் இவ்வளவு வருத்தப்படுவாள் என்று ரெத்தினதாஸ் எதிர்பார்க்கவே இல்லை. மனைவி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. சேனையும் தேங்காயும் கோழியும் போன பிறகு நேசமணி அந்த அரைப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரெத்தினதாஸ் மங்கிய கறுப்புப் பாதங்கள் பதிந்த வேட்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள என்னமோ மிதக்குதே வே."

சபை கழுத்தை நீட்டியது. நேசமணி மூடியைத் திறந்து ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்தார். தவிட்டு நிறத்தில் ஒரு முடி. உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பானவர்களே! இது கடைத்தேன் இல்ல. கடைத்தேன்ல நாய்முடி கெடக்காது. இது டிப்போவுக்க முடியாக்கும். அந்த நாய எனக்கு நேர்ல தெரியும். இது ரெத்தினதாஸுக்க சொந்தத் தேனுதான், நான் சாட்சி!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஏலம் ஏறியது. முதலில் எடுத்தவர் பெரிய மனதோடு பாட்டிலைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார். அப்படிக் கொடுப்பது சபை வழக்கம்தான். அடுத்தவரும் கொடுத்தார். அதற்கு அடுத்தவரும் கொடுத்தார். நாய்முடி விழுந்த தேனை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கு மனம் வரும்? சுற்றிச் சுற்றி வந்த அந்த அரைப் பாட்டில், சேனையையும் கோழியையும் எல்லாம் தாண்டி அன்றைக்கு முதல் இடத்தில் நின்றது. கடைசியில் போதகர் ஜெபம் பண்ணித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ரெத்தினதாஸ் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார்.

மறுநாள் காலையில் தீபுவின் ஆட்டோ வாசலில் நின்றது. கள்ளிக்காட்டில் ரெத்தினதாஸின் சித்தப்பா மகன் வீட்டுக்கு டிப்போவை அனுப்புவது என்று முடிவாகிவிட்டது.

"மாமா, ஜெயிச்ச பெறவு நாய எதுக்கு அனுப்புதீங்க?" என்று தீபு கேட்டான்.

"அடுத்த வருசம் முழுப் பாட்டில் வேணும் மக்கா. இது இருந்தா நடக்காது." சொல்லிவிட்டு அவர் டிப்போவைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தார். அது அவர் கன்னத்தை நக்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மையில் அந்த நாயைவிட்டால் அவர் பேச்சை முழுதாகக் கேட்க வேறு ஆள் கிடையாது.

கிருபாபாய் ஓடி வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பாதேங்க. சத்தியமா அது ஒரு தப்பும் செய்யல்ல."

"பின்ன ஆரு செஞ்சது? நீயா?"

கிருபாபாய் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அழாத பிள்ளே," என்று ரெத்தினதாஸ் தேற்றினார். "நாய் இல்லாட்டா உனக்கும் நல்லதுதான். பெட்டிக்கு இனி காவல் வேண்டாம். எனக்குத் தோட்டத்துல ஒரு வேலையும் இல்ல. நாளைக்கு விடிஞ்சதில இருந்து பொழுது அடையுதது வர உங்க கூட அடுக்களையிலதான் நிப்பேன். அந்த அச்சப்பத்த நாம ஒரு வழிக்குக் கொண்டு வருவோம்!"

ஆட்டோவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றார். வண்டி உறுமியது.

மாவு சொட்டும் அச்சைக் கையில் பிடித்தபடி ஆனந்தபாய் அடுக்களையில் இருந்து பாய்ந்து வந்தாள்.

"எக்கா, வண்டிய நிறுத்தச் சொல்லு! நாய் போயிட்டா, நாளைக்கு அண்ணன் அடுக்களைக்குள்ள கேறும்போ நான் எத அவுத்து விடுவேன்?"